16 அங்குலம்: ஒரு குழலின் நீளத்தில் இயற்பியலும் சட்டமும்

மாணவர்களே, ஒரு சின்னச் சோதனையுடன் தொடங்குவோம். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றையும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பஞ்சுக்குச்சியை ஸ்ட்ராவின் வெளிமுனைக்கு அருகில் செருகி, மறுமுனையிலிருந்து ஊதுங்கள். அடுத்து, அதே பஞ்சுக்குச்சியை வாய்ப்பக்க முனைக்கு அருகில் செருகி, அதே பலத்துடன் ஊதுங்கள். (மூச்சை முதலில் இழுத்துக்கொண்டு, அதன் பிறகே ஸ்ட்ராவை வாயில் வையுங்கள். சுவரைப் பார்த்து ஊதுங்கள். யார் முகத்தையும் பார்த்து ஊதாதீர்கள்.)

இரண்டாவது முறை குச்சி அதிகத் தூரம் பறக்கும். ஊதிய பலம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறை அந்தக் காற்று குச்சியை ஸ்ட்ராவின் முழு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டே வந்தது. வேலை என்பது விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் கிடைப்பது என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தள்ளும் தூரம் கூடினால் குச்சிக்குக் கிடைக்கும் ஆற்றலும் கூடும்.

தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அவர்கள் வேட்டைக்குப் பயன்படுத்தும் சும்பிட் என்னும் ஊதுகுழல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். காட்டுக்குள் அவ்வளவு நீளமான பொருளைத் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம். ஆனாலும் குழலைப் பாதியாக வெட்டினால் அம்பின் வேகம் குறைந்துவிடும். நீளமா, வசதியா என்ற கேள்வி ஊதுகுழல் காலத்திலிருந்தே இருக்கிறது.

துப்பாக்கியிலும் அதே கேள்விதான். அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குள் ஒரு சட்டமும் நுழைந்தது. 90 ஆண்டுகளாக அங்கே ரைபிள் குழலின் நீளம் இயற்பியல் விஷயமாக மட்டும் இல்லை; வரி, பதிவு, சிறை ஆகியவற்றோடும் சேர்ந்த விஷயமாகிவிட்டது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி

ரைபிளில் நம் மூச்சின் இடத்தில் வெடிமருந்து இருக்கிறது. தோட்டாவின் பின்பகுதி தட்டப்பட்டதும் மருந்து மிக வேகமாக எரிந்து வாயுவாகிறது. 5.56 மில்லிமீட்டர் ரைபிள் தோட்டாவில் அந்த வாயுவின் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3,500 மடங்குக்கும் மேல். ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள குண்டை அந்த அழுத்தம் குழல் வழியே தள்ளுகிறது.

குழல் 20 அங்குலம், அதாவது சுமார் 51 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குண்டு ஏறத்தாழ வினாடிக்கு 945 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. முடுக்கம் சீராக இருந்தது என்று எளிமையாக எடுத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். குண்டு குழலுக்குள் இருந்த நேரம் ஏறத்தாழ 1 மில்லிவினாடி என்று விடை வரும். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் இது நூறு முறைக்கு மேல் நடந்து முடிந்துவிடும்.

அதே தோட்டாவை 10.3 அங்குலக் குழலில் சுட்டால் வேகம் ஏறத்தாழ வினாடிக்கு 780 மீட்டர். வேகம் 17 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. ஆனால் இயக்க ஆற்றலில் வேகத்தின் வர்க்கம் வருகிறது அல்லவா? கணக்கிட்டால் ஆற்றல் ஏறத்தாழ 1,790 ஜூலிலிருந்து 1,220 ஜூலுக்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

போன ஆற்றல் எங்கே போனது? குழல் குட்டையாக இருந்தால் வாயு விரிந்து முடிவதற்கு முன்பே குண்டு வெளியேறிவிடுகிறது. இன்னும் அதிக அழுத்தத்தில் இருக்கும் சூடான வாயு வாய்ப்பகுதியில் பீறிட்டுக் கிளம்புகிறது. அதில் முழுமையாக எரியாத வாயுக்களும் உண்டு. வெளிக்காற்றின் ஆக்சிஜனுடன் கலந்ததும் அவை தீப்பற்றுகின்றன. அதனால் குட்டைக் குழல் ரைபிளில் சத்தமும் அதிகம், வாய்ப்பகுதியில் தோன்றும் தீப்பிழம்பும் பெரிது.

சத்தத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 140 டெசிபலைத் தாண்டும் திடீர்ச் சத்தம் செவியை ஒரே தடவையில் நிரந்தரமாகப் பாதிக்கலாம். ரைபிள் வெடிச் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். டெசிபல் அளவு 10 கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். அப்படியென்றால் 20 டெசிபல் வேறுபாடு 100 மடங்கு.

குழல் நீண்டுகொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. சிறிய .22 வகைத் தோட்டாவில் மருந்து மிகக் கொஞ்சம். ஓரளவு நீளத்துக்குப் பிறகு வாயுவின் அழுத்தம் தளர்ந்துவிடும். குழலின் உராய்வு குண்டை மெதுவாக்கத் தொடங்கும். ஆகவே எந்த நீளம் பொருத்தம் என்பது தோட்டாவைப் பொறுத்தது. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே விடை இயற்பியலில் கிடையாது.

1934இல் போட்ட கோடு

சட்டத்திலோ ஒரே விடை உண்டு. 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்களில் மதுக்கடத்தல் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கிகளுடன் மோதிக்கொண்டன. அதன் பின்னணியில் 1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் தேசியச் சுடுகருவிச் சட்டம் வந்தது. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்திட்டார். இயந்திரத் துப்பாக்கி, சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன் ஆகியவற்றைச் சட்டம் தடை செய்யவில்லை. பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது.

அந்தக் காலத்தில் 200 டாலர் மிகப் பெரிய தொகை. 1920களில் புகழ்பெற்ற தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கு மேல் வரும். ஆட்கள் வாங்கக்கூடாது என்பதற்காகவே வைத்த வரி அது.

குட்டை ரைபிள் ஏன் அந்தப் பட்டியலில் வந்தது? சட்ட முன்வரைவில் முதலில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். கைத்துப்பாக்கிக்கு மட்டும் வரி போட்டால் ஆட்கள் நீளமான ரைபிளை வாங்கி, குழலை ரம்பத்தால் அறுத்து, கைத்துப்பாக்கிபோல் வைத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்கவே குட்டை ரைபிளையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பியதால் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வைத்த விதி மட்டும் தங்கிவிட்டது.

விளைவு விநோதமானது. சட்டைப் பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கிக்கு அந்த வரி இல்லை. அதைவிடப் பெரிதான, மறைப்பதற்குக் கடினமான, 15 அங்குலக் குழல் கொண்ட ரைபிளுக்கு 2025 முடியும்வரை வரி இருந்தது.

ரைபிளுக்கான எல்லை முதலில் 18 அங்குலமாக இருந்தது. 1960இல் அது 16 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஷாட்கனுக்கு இன்றும் 18 அங்குலம். இவற்றோடு, ரைபிள் குழலை அறுத்து மாற்றிய ஆயுதத்தின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்ற விதியும் உண்டு.

எந்த வழி மலிவு?

ஒரு கோடும் அதைத் தாண்ட ஒரு விலையும் இருந்தால் மனிதர்கள் உடனே கணக்குப் போடுவார்கள். அமெரிக்காவில் சட்டத்துக்கு உட்பட்டுக் குட்டை ரைபிள் வைத்திருக்க விரும்பியவர்கள் முன்னால் சில வழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பணம் கொஞ்சம், நேரம் கொஞ்சம், வசதிக்குறைவு கொஞ்சம்.

முதல் வழி, ஆலையில் செய்த குட்டை ரைபிளை உரிமம் பெற்ற கடையில் வாங்குவது. விரல்ரேகையும் புகைப்படமும் கொடுத்து, 200 டாலர் வரியும் கட்டி, மத்திய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டதுண்டு. அதுவரை பணம் கட்டிய ரைபிள் கடையிலேயே இருக்கும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே தன்னிடம் உள்ள சாதாரண ரைபிளைக் குட்டையாக்க விண்ணப்பிப்பது. வரி அதே 200 டாலராக இருந்தது. புதிய ரைபிள் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் மாற்றம் செய்பவர் சட்டத்தின் பார்வையில் ‘தயாரிப்பாளர்’ ஆகிவிடுகிறார். தன் பெயரையும் ஊரையும் உலோகத்தில் பொறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே குட்டைக் குழலைப் பொருத்தலாம். ஒருநாள் முந்தினாலும் குற்றம்.

மூன்றாவது வழி, ரைபிள் என்ற வரையறைக்குள்ளேயே வராமல் இருப்பது. தோளில் ஊன்றிச் சுடுவதற்காகச் செய்யப்பட்டதே ரைபிள். பின்கட்டை இல்லாமல் தயாரிக்கப்பட்டு, அதே குட்டைக் குழலுடன் விற்கப்படுவது சட்டப்படி கைத்துப்பாக்கி. வரி இல்லை. ஆனால் தோளின் தாங்கல் இல்லாததால் குறி நடுங்கும். இங்கேதான் ஒரு பெரிய வழக்கு முளைத்தது. கை பலவீனமானவர்கள் முன்னங்கையில் பட்டையால் கட்டிக்கொள்ள உதவும் தாங்கி 2012இல் உருவாக்கப்பட்டது. பலர் அதைத் தோளில் ஊன்றத் தொடங்கினார்கள். அத்தகைய தாங்கி பொருத்தியவற்றில் பெரும்பாலானவை குட்டை ரைபிளே என்று மத்திய முகமை 2023இல் விதி வெளியிட்டது. 2024இல் டெக்சஸ் மாநிலத்திலுள்ள மத்திய நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. கையில் இருந்த பொருள் கொஞ்சமும் மாறவில்லை. அதன் பெயர் மட்டும் மாறி மாறி வந்தது.

நான்காவது வழி, 14.5 அங்குலக் குழலின் முனையில் ஒரு துணைக்கருவியைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்து, மொத்தம் 16 அங்குலத்தைத் தொடச் செய்வது. வரியும் இல்லை, பதிவும் இல்லை. பற்றவைக்கும் கூலி மட்டும் செலவு. ஆனால் பிறகு அந்த முனையை மாற்ற நினைத்தால் பெரிய வேலை. இயற்பியலைக் கேட்டால் அந்தத் துணைக்கருவிக்குள் குண்டுக்குப் புதிதாக வேகம் கிடைப்பதில்லை. நீளம் சட்டத்துக்காக மட்டுமே.

கடைசி வழி, 16 அங்குலக் குழலே போதும் என்று இருந்துவிடுவது. பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

அளவுகோல் எங்கே தொடங்குகிறது?

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியின் சுழியப் பிழையைப் பார்த்திருப்பீர்கள். அளவு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் எந்த அளவீடும் செல்லாது. ரைபிள் குழலும் அப்படித்தான்.

வெளியே தெரியும் பகுதியை மட்டும் அளந்தால் தவறு. குழலின் பின்முனையில், மூடிய நிலையில் தோட்டாவைத் தாங்கி நிற்கும் உலோக முகத்திலிருந்து குழலின் வாய்வரை அளக்க வேண்டும். தோட்டா அமரும் அறையும் கணக்கில் சேரும். முனையில் திருகிக் கழற்றக்கூடிய எதுவும் சேராது. பற்றவைத்தது சேரும்.

16 அங்குலம் என்பது 40.64 சென்டிமீட்டர். வெட்டும் இயந்திரத்திலும் சிறு பிழை இருக்கும், அளப்பவர் கையிலும் சிறு பிழை இருக்கும். அதனால் பல தயாரிப்பாளர்கள் 16 அங்குலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குழலை வெட்டுகிறார்கள். எல்லையில் நிற்பவர் பிழைக்கு இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும்.

15.9 அங்குலத்துக்கும் 16 அங்குலத்துக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? நாம் மேலே பார்த்த எண்களை வைத்தால், ஓர் அங்குலத்துக்குச் சராசரியாக வினாடிக்கு 17 மீட்டர் வேகம் மாறுகிறது. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு 2 மீட்டர்கூட இல்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களுக்கு இடையிலேயே இதைவிட அதிக வேறுபாடு வரும். எந்தக் கருவியாலும் அந்த இரண்டு குழல்களைச் சுட்டுப் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஆனால் பதிவில்லாத 15.9 அங்குல ரைபிளை வைத்திருந்தால் 10 ஆண்டுகள் வரை சிறை.

பாகங்களாக இருந்தால் என்ன செய்வது? ஒரு நிறுவனம் கைத்துப்பாக்கி ஒன்றையும், அதை நீளக் குழல் ரைபிளாக மாற்றும் பாகங்களையும் ஒரே பெட்டியில் விற்றது. சரியாகச் சேர்த்தால் இரண்டுமே சட்டப்படி செல்லும். தவறாகச் சேர்த்தால் குட்டை ரைபிள் ஆகிவிடும். தாம்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற அந்த நிறுவனம் 200 டாலர் வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1992இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சொற்கள் இரண்டு விதமாகப் பொருள் தந்தால் குடிமகனுக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரு மலைக்குடும்பம்

அதே 1992ஆம் ஆண்டு, ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ் என்ற மலைப்பகுதியில் நடந்ததை அமெரிக்கர்கள் இன்னும் மறக்கவில்லை. ராண்டி வீவர் என்பவர், குழல் 18 அங்குலத்துக்கும் குறைவாக அறுக்கப்பட்ட இரண்டு ஷாட்கன்களை அரசின் உளவாளிக்கு விற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டார். விசாரணைக்கு வர வேண்டிய தேதி அவருக்கு அனுப்பிய கடிதத்தில் தவறாக எழுதப்பட்டிருந்தது. அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. மலையை விட்டு இறங்கவும் இல்லை. ஆகஸ்ட் மாதம் அதிகாரிகள் அங்கே போனபோது துப்பாக்கிச் சூடு மூண்டது. அதிகாரி வில்லியம் டீகன், வீவரின் 14 வயது மகன் சாமுவேல் ஆகிய இருவரும் இறந்தார்கள். மறுநாள் அரசுத் தரப்பின் குறிவைத்துச் சுடுபவர் சுட்டதில் வீவரின் மனைவி விக்கியும் இறந்தார்.

1993இல் நடுவர் குழு ஷாட்கன் குற்றச்சாட்டிலிருந்து வீவரை விடுவித்தது. நீதிமன்றத்துக்கு வராததற்காகவும் பிணை நிபந்தனைகளை மீறியதற்காகவும் மட்டும் தண்டனை கிடைத்தது. அந்த நிகழ்வுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வழக்கின் முதல் தாளில் இருந்தது ஒரு நீள அளவு. சாமுவேல் உங்களில் பலருடைய வயதுதான்.

200 டாலர் பூச்சியமானபோது

1934இல் போட்ட 200 டாலர் வரியை யாரும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவில்லை. ஆண்டுக்காண்டு அதன் பாரம் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. ஒரு காலத்தில் துப்பாக்கியின் விலைக்குச் சமமாக இருந்த வரி, பின்னாளில் விலையின் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. பணவீக்கம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைபிள், குட்டை ஷாட்கன், சைலன்சர் ஆகியவற்றுக்கு அந்த வரி பூச்சியம் ஆனது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் அப்படியே இருக்கிறது. வரிதான் போனது; பதிவும் விரல்ரேகையும் முன் ஒப்புதலும் போகவில்லை. குட்டை ரைபிளுடன் மாநில எல்லையைத் தாண்டவும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் சொந்தத் தடைகளும் நீங்கவில்லை. ஆக, மலிவான வழி எது என்ற பழைய கணக்கில் பணம் என்ற உறுப்பு சுருங்கிவிட்டது. நேரமும் கவனமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இதெல்லாம் அமெரிக்க மண்ணின் கதை. நம் வட்டாரத்தில் நிலைமை முற்றிலும் வேறு. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சிங்கப்பூரிலும் மிகக் கடுமையான தண்டனை உண்டு. இங்கே கோடு 16 அங்குலத்தில் இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே இருக்கிறது.

ஆனாலும் இந்தக் கதை நமக்கும் பயன்படும். இயற்கையில் நீளம், வேகம், ஆற்றல் எல்லாம் படிப்படியாக மாறுகின்றன. 16 அங்குலத்தில் எந்தப் படிக்கட்டும் இல்லை. ஆனால் சட்டத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு தேவை. தேர்ச்சி மதிப்பெண், வாகன உரிம வயது, சாலையின் வேக வரம்பு எல்லாம் அப்படிப் போட்ட கோடுகள்தாம். கோடு இருப்பது தவறில்லை. ஆனால் 1934இல் அளக்க நினைத்தது ஆயுதத்தை மறைக்க முடியுமா என்பதை. அளந்தது குழலின் நீளத்தை. கைத்துப்பாக்கி பட்டியலிலிருந்து நீங்கியதும் அந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோனது. எண் மட்டும் நின்றுவிட்டது.

இனி ஒரு விதியில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த எண் எதை அளக்கிறது? இதை எழுதியவர்கள் எதை அளக்க நினைத்தார்கள்? இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.